கால் முளைத்த புள்ளிகள்

மார்ச் நான்காம் தேதி காலை, ஆற்றுப் பள்ளத்தாக்கின் வடக்குச் சரிவில், வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு மேலே, மூன்று அழுங்கு வளைகள் தோண்டப்பட்டிருந்தன. மூன்றும் காலியாக இருந்தன. வளைகளின் வாயில் புகை போட்ட கரி படிந்திருந்தது.

ஆறாம் தேதி, அந்த வளைகளைக் கண்டுபிடித்துக் குறித்திருந்த கள ஆய்வாளனையே வனத்துறையினர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடுகிறவன் அழுங்கு என்ற பிராணியை நேரில் பார்த்ததில்லை. எறும்பும் கரையானும் தின்று, வளைக்குள் சுருண்டு கிடக்கிற சாது என்று கேள்விப்பட்டிருந்தான். உடம்பெல்லாம் செதில் மூடிய அதன் படத்தை மேடம் காட்டியபோது, "ஓட்டு வீட்டுக்கு நாலு கால் வெச்ச மாதிரி இருக்கே மேடம்" என்றான். அந்தச் செதிலுக்காகத்தான் அதைப் பிடித்து விற்கிறார்கள் என்று மேடம் சொன்னதும், அவன் வழக்கத்துக்கு மாறாக ஒரு நிமிடம் பேசாமல் இருந்தான். அவனுக்கு அந்தப் பெயர் வரக் காரணமே, அணைக்கிற பொத்தான் கெட்டுப்போனவன் என்பதுதான்.

மேடம் இருபது வருடம் தீ விபத்துக் காப்பீட்டில் வேலை பார்த்தவர். எரிந்த கடைகளுக்குள் நடந்து நடந்து, தானாக எரிந்ததா, முதலாளியே கொளுத்தினாரா என்று சொல்வதுதான் அவர் தொழிலாக இருந்தது. அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. யோசிக்கும்போது வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொள்வார். ரேடியோ அவருடைய உதவியாளன், காரோட்டி, சில நாட்களில் தலைவலி.

அவர்களை அமர்த்தியிருந்தது பிடிபட்டவனின் அக்கா. அழுங்குகள் எங்கே வாழ்கின்றன என்று வரைபடம் போடுவது அவள் வேலை. மலையில் அலைந்து வளைகளைத் தேடிக் குறித்துக்கொண்டு வருவது தம்பியின் வேலை. வளைகளின் சரியான இடம் தெரிந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். திருட்டு நடந்த வாரம் முழுக்க அக்கா வேறொரு நாட்டில் ஒரு கருத்தரங்கில் இருந்தாள். மிச்சம் தம்பி. வனத்துறையின் கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

நாளை, புதன்கிழமை காலை, காவலை நீட்டிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கப்போகிறார்கள். நீட்டித்தால் மத்தியச் சிறை.

முந்தின நாள் மேடம் அவனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் "தெரியாது மேடம்" என்றானாம். கிளம்பும்போது மட்டும் அவனாக ஒரு கேள்வி கேட்டானாம்: "எல்லைக் கமிட்டி வெள்ளிக்கிழமைதானே மேடம்?"

சரணாலயத்துக்கு எங்கே எல்லை போடுவது என்று முடிவு செய்கிற கமிட்டி அது. அக்காவின் வரைபடத்தை வைத்துத்தான் முடிவு செய்வதாக இருந்தது. எல்லைக்கு வெளியே விடுகிற நிலத்தைக் கல் குவாரிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"ஜாமீன் எப்போன்னு கேக்காம கமிட்டி எப்போன்னு கேக்குறான்" என்றான் ரேடியோ, காரைத் திருப்பிக்கொண்டே. "உள்ள தூக்கிப் போட்டாலும் ஆபீஸ் ஞாபகம். இவனை மாதிரி ஆளுங்களாலதான் மேடம், என்னை மாதிரி ஆளுங்களுக்குக் கெட்ட பேரு."

மேடத்தின் வாயில் கிராம்பு ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குப் போயிற்று.

அன்று அவர்கள் போனது காட்டுக்கு அல்ல, ஊருக்குள். அதே வாரத்தில் வேறு யாராவது, எங்காவது, மண்ணைத் தோண்டிவிட்டார்கள் என்று புகார் கொடுத்திருக்கிறார்களா என்று மேடம் சுற்றியுள்ள காவல் நிலையங்களில் கேட்டிருந்தார். ஒரே ஒரு புகார் இருந்தது. கொடுத்தவர் ஒரு கால்நடை மருத்துவர்.

அவர் வீடு, ஊர் முடிந்து புதர்க்காடு தொடங்குகிற இடத்தில் கடைசி வீடு. மருத்துவர் கதவைத் திறந்தபோதே சண்டைக்குத் தயாராக இருந்தார்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? நாய் தோண்டியிருக்கும்னு உங்க ஏட்டு சொல்றாரு. முப்பது வருஷமா நாய்க்கு ஊசி போடறவன் நான். கம்பி வேலியை வெட்டிட்டு உள்ள வர்ற நாயை இன்னும் பார்க்கலை."

"பார்த்தா சொல்லுங்க டாக்டர்" என்றான் ரேடியோ. "எங்க ஆபீஸுக்கு அப்படி ஒரு ஆள் வேணும்."

"உன் இடத்துக்குத்தான்" என்றார் மேடம். "நாங்க போலீஸ் இல்லை டாக்டர். தோண்டின இடத்தைக் காட்டறீங்களா?"

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதை ஒட்டிப் பழைய கரையான் புற்று. புற்றைச் சுற்றிலும் குழிகள். ஒன்று ஆழமாக, மற்றவை அரைகுறையாக. ஒரு குழியின் ஓரத்தில் புல் கருகியிருந்தது. மாட்டு முகாமுக்காக இரண்டு நாள் வெளியூர் போயிருந்தபோது நடந்தது என்றார் மருத்துவர். வீட்டில் எதையும் தொடவில்லை. கொட்டகையில் இருந்த புது மோட்டாரைக்கூட எடுக்கவில்லை.

மேடம் குனிந்து கருகிய புல்லை விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். பிறகு தெரிந்த வனக்காவலர் ஒருவர் அனுப்பிய வடக்குச் சரிவுப் படங்களை ஃபோனில் திறந்தார். அங்கேயும் இதே குறுகலான மண்வெட்டித் தடம். அங்கேயும் வளையைச் சுற்றிலும் அரைகுறைக் குழிகள்.

"இதைப் பாரு ரேடியோ. இடம் தெரிஞ்சவன் இப்படித் தோண்டுவானா?"

"மாட்டான். நேரா வளைக்குப் போய்க் கையை விட்டிருப்பான். இவன் வந்து, 'இங்கதான் எங்கயோ'ன்னு சுத்திச் சுத்தி வந்திருக்கான். நான் கண்ணாடியைத் தேடற மாதிரி."

மேடம் நிமிர்ந்தார். "டாக்டர், இந்த வீட்டுல எப்பவாவது அழுங்கு இருந்துச்சா?"

மருத்துவரின் கோபம் சட்டென்று இறங்கியது. "உங்களுக்கு யார் சொன்னா? ரெண்டு வருஷம் இருக்கும். லாரி அடிச்சுப் போட்ட அழுங்கு. அந்த சர்வே தம்பிதான் தன் சட்டையைக் கழட்டி அதுல சுத்தித் தூக்கிட்டு வந்தான். இந்த ஷெட்லதான் வெச்சுக் கட்டுப் போட்டேன். பொழைச்சுக்கிச்சு. அப்புறம் அவனே கொண்டுபோய்க் காட்டுல விட்டான்."

"அது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, அவனுக்கு, என் சம்சாரத்துக்கு. ஆனா அதுல ஒரு கூத்து நடந்துச்சு. அடிபட்ட இடத்தை அவன் தன் கருவியில குறிச்சிருக்கணும். பதட்டத்துல மறந்துட்டான். இங்க வந்து, நான் கட்டுப் போட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்து பட்டனை அமுக்கினான். என்ன ஆச்சு? அழுங்கு வாழற இடம்னு என் வீடே பதிவாயிடுச்சு! எங்க பார்த்தாலும், 'உங்க குடித்தனக்காரர் எப்படி இருக்காரு டாக்டர்'னு கேட்டுச் சிரிப்பான்." மருத்துவரும் சிரித்தார். பிறகு, சிரித்தவன் இப்போது எங்கே இருக்கிறான் என்பது நினைவுக்கு வந்து, நிறுத்திக்கொண்டார்.

காரில் ஏறியதும் மேடம் கேட்டார்: "அந்தத் தம்பி திருடனுக்கு இடம் சொல்லி அனுப்பியிருந்தா, இந்த வீட்டுக்கு அனுப்பியிருப்பானா?"

"அவனுக்கு இது சிரிப்புச் சமாச்சாரமாச்சே. அனுப்ப மாட்டான்." ரேடியோ சாவியைத் திருகாமல் அப்படியே பிடித்திருந்தான். "அக்காவா இருக்குமோ?"

"அவங்களுக்கும் இது தப்புன்னு தெரியும். வந்தவனுக்கு வழி காட்டினது, இது தப்புன்னு தெரியாத ஏதோ ஒண்ணு."

"ஒரு ஆள்னு சொல்லாம ஏதோ ஒண்ணுங்கறீங்களே. பேய் கேஸ்னா எனக்குச் சம்பளம் தனி மேடம்."

"பேய் இல்லை. மேப்."

வரைபட அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. நீளமான ஒரே அறை, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். ஒரு மூலையில் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறவர் காதில் ஹெட்ஃபோனும் மடியில் சிப்ஸ் பொட்டலமுமாக உட்கார்ந்திருந்தார். அக்காவின் மேசைக்குப் பின்னால் ஆணியில் ஒரு மழைக்கோட்டு தொங்கியது. முழங்கை கிழிந்து, சேறு காய்ந்து கிடந்தது. தம்பியுடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேசையில் திறக்காத டிபன் டப்பா. அக்காவின் கண்கள் வீங்கியிருந்தன.

"ஏதாவது கிடைச்சுதா மேடம்?"

"முதல்ல எனக்கு உங்க மேப் புரியணும்மா. ரேடியோவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, எனக்கும் புரியும்."

அவள் திரையைத் திருப்பினாள். பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாக விரிந்தது. "அழுங்கைப் பார்த்த இடம் கொஞ்சம்தான். ஆனா அது இருக்கிற இடம் அதைவிட நிறைய. அதனால, பார்த்த இடத்துல எல்லாம் மண்ணு எப்படி, மழை எவ்வளவு, சரிவு எப்படி, எறும்பு இருக்கான்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிடுவோம். அதே மாதிரி இடம் வேற எங்கெல்லாம் இருக்குன்னு அது தேடும். சிவப்புன்னா இருக்க வாய்ப்பு அதிகம்."

"வாடகைக்கு வீடு தேடற மாதிரி" என்றான் ரேடியோ. "தண்ணி வரணும், மேட்டுல இருக்கணும், வாசல்ல எறும்பு இருக்கணும்."

அக்கா ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "இதுக்கு முன்னாடி இருந்த மேப்புல அழுங்கு எல்லாம் ரோட்டோரமாவே இருக்கும். ஏன்னா பார்க்கறவங்க ரோட்டுலதானே போவாங்க. வடக்குச் சரிவுக்கு ரோடே கிடையாது. அங்க நிறைய இருக்கும்னு இந்தக் கம்ப்யூட்டர் மாடல் சொல்லிச்சு. தம்பி ஏறிப்போய்ப் பார்த்தான். இருந்துச்சு."

"டாக்டர் வீட்டுப் புள்ளி?" என்றார் மேடம்.

"அதை மாடல்லேர்ந்து அன்னைக்கே எடுத்துட்டேன். விட்டா, அழுங்குக்குத் தகரக் கொட்டகைதான் பிடிக்கும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணிடும்." சட்டென்று நிறுத்தினாள். "ஆனா ஜனங்க பார்க்கற மேப் ஒண்ணு வெப்சைட்ல இருக்கு. அதுல எடுக்க விட்டுப்போச்சு. பரவாயில்லைன்னு நெனச்சேன். அதுல எந்தப் புள்ளியும் சரியான இடத்துல இருக்காது மேடம். வேட்டைக்காரங்க பார்த்துடக் கூடாதுன்னு, நிஜமான இடத்துலேர்ந்து அஞ்சு கிலோமீட்டருக்குள்ள எங்கயாவது தள்ளித்தான் காட்டும்."

"டாக்டர் புள்ளியைக் காட்டுங்க."

அவள் வெப்சைட்டைத் திறந்தாள். "இதோ. ஏரிக்குள்ள நிக்குது பாருங்க."

ரேடியோ தன் ஃபோனில் அதே வெப்சைட்டை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தான். "ஏரியா? என் ஃபோன்ல சிமெண்ட் கோடவுன் மேல உக்காந்திருக்கே."

"வேற புள்ளியைப் பார்க்கறீங்க."

"ஒரே புள்ளிதாங்க. அதே தேதி, அதே 'அடிபட்டது'ங்கற குறிப்பு. உங்க அழுங்கு குளிக்குது, என் அழுங்கு மூட்டை தூக்குது."

மேடம் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரேடியோ, மூடிட்டு மறுபடியும் திற."

திறந்தான். புள்ளி இப்போது ரயில் பாதை ஓரத்தில் இருந்தது. மறுபடியும் திறந்தான். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில்.

"புள்ளிக்குக் கால் முளைச்சிருக்கு மேடம்!"

கோப்பின் மேலட்டையாக இருந்த கண்ணாடித் தாள் ஒன்றை மேடம் உரித்தெடுத்து, அக்காவின் திரைமேல் ஒட்டினார். ரேடியோவிடம் மார்க்கர் பேனாவைக் கொடுத்தார். ஒவ்வொரு தடவை பக்கத்தைத் திறந்ததும் புள்ளி நிற்கிற இடத்தில் ஒரு மை வைக்க வேண்டும், மூட வேண்டும், மறுபடி திறக்க வேண்டும். ரேடியோ முதல் பத்து மைக்குப் பத்து ஜோக் சொன்னான். பிறகு ஜோக்குகள் குறைந்தன. தாளில் மைகள் ஏறிக்கொண்டே போயின. எங்கெங்கோ சிதறியவை போலத் தெரிந்தவை மெல்ல ஒரு வட்டமாகத் திரண்டன. அப்போது அவன் வாய் தானாகவே மூடிக்கொண்டது.

"எரிஞ்ச கடைக்குள்ள போனா எல்லாப் பக்கமும் கரியா இருக்கும்" என்றார் மேடம். "புதுசா வந்தவங்க கரியைப் பார்ப்பாங்க. நான் கரிக்கு நடுவுல என்ன இருக்குன்னு பார்ப்பேன். தீ அங்கேருந்துதான் கிளம்பியிருக்கும்."

வாயிலிருந்த கிராம்பை எடுத்து, வட்டத்தின் நடுவில் தாளோடு அழுத்திப் பிடித்தார். "இப்ப நிஜமான இடத்தைக் காட்டுங்க."

அக்கா ஒரு விசையைத் தட்டினாள். திரையில் புதிதாக ஒரு நீலப் புள்ளி வந்தது. கிராம்பின் நுனிக்கு ஒரு நகக்கண் அளவு தள்ளி, புதர்க்காட்டின் ஓரத்தில், கடைசி வீட்டின்மேல்.

மூலையில் சிப்ஸ் பொட்டலம் சரசரத்தது.

"நம்ம கொஞ்சம் தடவை திறந்ததுக்கே தெரு வரைக்கும் வந்துடுச்சு" என்றார் மேடம். "ஆயிரக்கணக்குல திறந்தவன் வாசல் வரைக்கும் வந்திருப்பான். மிச்சத்தைச் சுத்திச் சுத்தித் தோண்டிக் கண்டுபிடிச்சிருக்கான்."

ரேடியோ பாய்ந்தான். "யோவ் சிப்ஸ்! வெப்சைட் உன் கையிலதானே? புள்ளியை ஓட விட்டுட்டு உக்காந்து கொறிச்சுக்கிட்டிருக்கியா? ஒருத்தன் உள்ள கிடக்கறான்யா!"

வெப்சைட்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "எனக்குக் குடுத்ததை அப்படியே போட்டேன் சார். சத்தியமா எனக்கு..." விழுங்கினார். "பிப்ரவரியில ஒரே இணைப்புலேருந்து ரெண்டு நாள் விடாம மேப்பைத் திறந்திருக்காங்க. ஆயிரக்கணக்குல. டைரக்டர்கிட்டச் சொன்னேன். பொதுமக்கள்கிட்ட நல்ல வரவேற்புன்னு சந்தோஷமா மீட்டிங்ல சொன்னாரு."

"ஓட விட்டது யார்னு கேக்கறேன்!"

"அவரைத் திட்டாதீங்க" என்றாள் அக்கா. "நான்தான்."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"முதல்ல புள்ளி ஒரே பக்கமாத் தள்ளி, அசையாமத்தான் நின்னுச்சு. அப்படி நின்னா, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்குன்னு யாராவது கண்டுபிடிச்சுடுவாங்கன்னு பயம். அதனால திறக்கறப்பல்லாம் புதுசா தள்ளற மாதிரி மாத்தினேன். யாராலயும் பிடிக்கவே முடியாதுன்னு நெனச்சேன். கருத்தரங்குல அதைப் பத்தித்தான் பேசினேன் மேடம். எல்லாரும் கை தட்டினாங்க." மூக்கை உறிஞ்சினாள். "தம்பி ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான், 'உன் புள்ளி ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதே அக்கா'ன்னு. அதுதான்டா பாதுகாப்பு, பேசாம சாப்பிடுன்னேன்."

"அவருக்குத் தெரியும்மா" என்றார் மேடம்.

"என்ன தெரியும்?"

"வளை தோண்டினதைப் பார்த்ததுமே, இடம் எப்படி வெளிய போச்சுன்னு உங்க தம்பி புரிஞ்சுக்கிட்டார். அதனாலதான் வாயே திறக்கலை. என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டார். கமிட்டி வெள்ளிக்கிழமைதானேன்னு. அதுக்கு முன்னாடி இது வெளிய வந்தா, உங்க மேப்பை நம்ப முடியாதுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. வடக்குச் சரிவு போயிடும். வெள்ளிக்கிழமை தாண்டட்டும்னு காத்துக்கிட்டிருக்கார்."

அக்கா நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தாள். தலை மழைக்கோட்டில் இடித்தது. "முட்டாப்பய" என்றாள். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. "நாளைக்கு ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்கன்னு தெரிஞ்சும்..."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இவங்களும் பேசாம இருந்தா?" என்று ரேடியோ மெல்லக் கேட்டான். "நாளையிலேர்ந்து ரெண்டே நாள்தானே மேடம். அவனே கேக்கறான்."

"காவல் நீட்டிச்சுட்டா ரெண்டு நாள்ல முடியாது. பதினஞ்சு நாள். உள்ள அவரோட அடைஞ்சு கிடக்கப்போறது யார்னும் தெரியாது." மேடம் அக்காவைப் பார்த்தார். "ஆனா நான் உங்களுக்கு வேலை பார்க்கறவ. நடந்ததை எழுதிக் குடுங்கன்னு சொல்ல மாட்டேன். எழுதாதீங்கன்னும் சொல்ல மாட்டேன்."

ரேடியோ கையிலிருந்த ஃபோனைப் பார்த்தான். அதில் அந்தப் புள்ளி இன்னும் பள்ளிக்கூட மைதானத்தில் நின்றுகொண்டிருந்தது.

"மேப்பை மூடுங்க" என்றாள் அக்கா, வெப்சைட்காரரிடம்.

"டைரக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அங்க இன்னும் வளை இருக்கு. மூடுங்க சார்."

அவர் உட்கார்ந்து தட்டினார். ரேடியோவின் ஃபோனில் புள்ளி மறைந்தது.

அக்கா ஒரு வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "இதைப் படிச்சா அவன் என்னோட பேச மாட்டான் மேடம். அந்தச் சரிவுக்காக மூணு வருஷம் அட்டைக்கடி வாங்கியிருக்கான்."

"பேசலைன்னா வீட்டுல உக்காந்து பேசாம இருக்கட்டும்" என்றார் மேடம். "உள்ள உக்காந்து பேசாம இருக்கறதுக்கு அது மேல்."

அவள் மீண்டும் குனிந்து எழுதினாள். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள். கண்ணாடித் தாளைத் திரையிலிருந்து உரித்து அதோடு சேர்த்துக் கொடுத்தாள். கிராம்பு நசுங்கிய இடத்தில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. ரேடியோ இரண்டையும் வாங்கி, சட்டைப் பையில் மடிக்காமல், கையிலேயே பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினான்.

அக்கா எழுதிய தாளும், வரைபடத்தை ஆயிரக்கணக்கில் திறந்த இணைப்பின் விவரமும் அன்று மாலையே வனத்துறையிடம் கொடுக்கப்பட்டன. புதன்கிழமை காலை, காவலை நீட்டிக்க வேண்டாம் என்று நீதிபதி உத்தரவிட்டார். பகலில் தம்பி வெளியே வந்தான். வாசலில் அக்கா நின்றிருந்தாள். அவன் மழைக்கோட்டை வாங்கிக்கொண்டான். எதுவும் பேசாமல் காரின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை எல்லைக் கமிட்டி கூடியது. விசாரணையில் இருக்கும் வரைபடத்தை ஏற்க முடியாது என்று சொல்லி, பழைய வரைபடத்தின்படி எல்லை போட்டது. வடக்குச் சரிவு எல்லைக்கு வெளியே இருக்கிறது.